யாருக்கு எந்த இடைவெளி?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவர் பெரும்பாலும் தம் அணி முன்வரிசையின் இடைவெளி ஒன்றில்தான் புகுந்து பாய்வார். அந்த வரிசையின் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அடுத்து டேக்கிள்கள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ இடைவெளி. கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி. டேக்கிளுக்கு வெளியே சி. ஒரு பக்கம் டேக்கிளை அடுத்து டைட் எண்ட் என்னும் ஆட்டக்காரர் நின்றால் அவருக்கு அப்பால் டி. இருபுறமும் சேர்த்து ஆக மொத்தம் ஏழு.

முன்னால் நால்வர், பின்னால் மூன்று லைன்பேக்கர்கள் நிற்கும் 4-3 அமைப்பில் தடுப்பவர்களும் ஏழு பேரே, ஆளுக்கொரு இடைவெளி. ஒருவர் ஆசைப்பட்டுத் தம் இடத்தை விட்டால் போதும், அங்கே வழி திறந்துவிடும். துணிச்சலைவிட ஒழுங்கே இங்கு பெரிது.

இரு இடைவெளி முறை வேறு. அதில் தடுப்பவர் ஒருவர் தமக்கு எதிரே நிற்பவரைக் கைகளால் அடக்கி, ஓட்டம் எப்பக்கம் என்று பார்த்தபின் அப்பக்கம் விலகிப் பிடிக்க வேண்டும். அதற்கு அசாத்திய உடல்வலு தேவை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் 2004 முதல் 2014 வரை ஆடிய வின்ஸ் வில்ஃபோர்க் இதில் பெயர்பெற்றவர். இப்படி ஒருவரே இரண்டைக் காத்தால், பின்னால் ஓர் ஆள் மிச்சமாகிறார்.

இடைவெளிகள் நிலையாக நிற்பதில்லை என்பதே உண்மையான சிக்கல். கார்டு மறுபக்கம் ஓடினால் அங்கே புது இடைவெளி முளைக்கும். லைன்பேக்கர்கள் கார்டுகளின் முதல் அடியைக் கூர்ந்து கவனிப்பது இதனால்தான். பந்தை ஏந்தி ஓடுபவருக்கு ஃபுல்பேக் என்னும் ஆட்டக்காரர் முன்னே ஓடி வழி திறந்தால் எட்டாவது இடைவெளி உண்டாகிறது. அதை அடைக்க, பின்புறம் காக்கும் சேஃப்டி முன்னே இறங்குவார், பின்புறம் மெலியும்.