கள்ளிப்பழ ஐஸ்கிரீம்: படத்தில் உள்ள பழம் கப்பில் எவ்வளவு?

சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சாற்றைச் சர்க்கரை சேர்த்து உறையவைத்து உண்பது மெக்சிகோவிலும் சிசிலியிலும் வழக்கம். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் தரையில் தேய்த்து முள் நீக்கித் தின்னும் பழமும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். 100 கிராம் பழத்தில் சுமார் 41 கலோரி, 3.6 கிராம் நார்ச்சத்து, 14 மி.கி. வைட்டமின் சி, 85 மி.கி. மக்னீசியம் உண்டு. இவற்றில் மக்னீசியம்தான் கவனிக்கத்தக்கது. வைட்டமின் சி-யில் கொய்யாவுக்குக் கிட்டேகூட வராது.

ஐஸ்கிரீமாகும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. பழக்கூழ் பத்து விழுக்காடு என்றால், 100 கிராம் கப்பில் சேர்வது 8.5 மி.கி. மக்னீசியமும் 1.4 மி.கி. வைட்டமின் சி-யும் மட்டுமே. விதையோடு சக்கையையும் வடிகட்டினால் நார்ச்சத்து குறையும். கூழைக் காய்ச்சினால் வைட்டமின் சி-யோடு செந்நிறமும் மங்கும். மங்கிய நிறத்தை ஈடுகட்டச் செயற்கை நிறம் சேர்ப்பதுண்டு. பொருட்பட்டியலில் 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவை செயற்கை நிறங்கள். 162 என்றால் பீட்ரூட் சிவப்பு.

பழத்தின் பெயரையோ படத்தையோ முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை விழுக்காடு என்று அச்சிட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள். பால்கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்ததை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது; அதன் பெயர் ஃப்ரோசன் டெசர்ட். 100 சதுர செ.மீ.க்கு மேற்படாத பொதிகளுக்குப் பொருட்பட்டியலில் விலக்கு உண்டு. ஆக, சின்னக் கப்பில் பட்டியல் இல்லை என்பது மட்டும் குற்றமாகாது.

பழத்தோலிலிருந்து சரியாகக் களையாத பூமுள் எனும் நுண்முள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். வீட்டுத் தயாரிப்பில் இதுவே முதல் ஆபத்து. நிறைய உண்டபின் சிறுநீர் சிவந்தால் அது பெரும்பாலும் நிறமியின் வேலை. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது. கப்பில் சேர்த்த சர்க்கரையே அதற்கு எதிர்ச்சாட்சி. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சந்தேகம் வந்தால் பில்லையும் கப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமையை அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு தருகிறது. பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை.