உங்களுக்குத் தெரியுமா? தீர்ந்த பேட்டரிக் கட்டையிலும் வெள்ளை வெளிச்சம் வரும்!

எரியோடு ஊர்ப் பக்கம் ராத்திரி மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகிறவர் டார்ச்சிலிருந்து கழற்றி எறியும் பேட்டரிக் கட்டையில் இன்னும் மின்சாரம் மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல் ஒரு வெள்ளை எல்இடியை எரிக்கலாம்!

வெள்ளை எல்இடி என்பது மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்இடிதான். அது எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். புதுக் கட்டையே 1.5 வோல்ட்தான் தரும். ஆனாலும் அந்த வோல்ட்டை உயர்த்த, ஃபெரைட் வளையத்தில் சுற்றிய இரட்டைக் கம்பிச்சுருள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும். டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டும். ஒவ்வொரு வெட்டிலும் சுருளில் சேர்ந்த காந்த ஆற்றல், வோல்ட்டை உயர்த்தி எல்இடியை எரிக்கும். கட்டை ஏறத்தாழ 0.6 வோல்ட்டுக்கு இறங்கும்வரை வெளிச்சம் உண்டு. 1999இல் பிரிட்டிஷ் மின்னணு இதழொன்றில் கபார்னிக் என்பவர் வெளியிட்ட இந்த மின்சுற்றுக்குப் பின்னாளில் ‘ஜூல் தீஃப்’ என்று பெயர் வந்தது.