பழைய கிரெடிட்டும் புதிய பட்டமும்
இணையவழிப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுள் பலர் பணியில் அமர்ந்த பின்னர், பதவி உயர்வுக்காகவோ மனநிறைவுக்காகவோ பட்டம் பெற விரும்புகின்றனர். முன்பு படித்து முடித்த பாடங்களை மீண்டும் படிக்க வேண்டுமா, அதற்கு மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டுமா என்பதே அவர்களின் முதற் கேள்வி. இக்கேள்விக்குச் சரியான விடை காணாமல் சேர்பவர்கள் பணத்தையும் காலத்தையும் ஒருங்கே இழக்கின்றனர்.

எம் அலுவலகத்தில் பணிபுரியும் எழுத்தர் ஒருவர் வணிகவியல் பட்டப்படிப்பில் ஈராண்டுகளை முடித்து, தந்தையாரின் மறைவால் 2004-ஆம் ஆண்டில் படிப்பை நிறுத்தியவர். 2023-ஆம் ஆண்டில் ஓர் இணையவழிப் படிப்பில் அவர் சேர்ந்தார். பழைய ஈராண்டுகளும் கணக்கில் கொள்ளப்படும் என்று சேர்க்கை முகவர் ஒருவர் வாய்மொழியாகக் கூறியதை அவர் நம்பினார். முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திய பின்னரே, ஒரு பாடத்திற்குக்கூட விலக்குக் கிடையாது என்பது தெரிய வந்தது. அவர் செய்த தவறு ஒன்றே: எழுத்து மூலமான உறுதியைப் பெறவில்லை.

கிரெடிட் என்றால் என்ன?

அஞ்சல்வழிக் கல்வி 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஐதராபாத்தில் 1982-இல் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக 1985-இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவற்றின் வளர்ச்சியோடு, கற்றலை மணிக்கணக்கில் அளந்து மதிப்பிடும் கிரெடிட் முறையும் பரவியது. 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி, 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட் ஆகும்; ஓராண்டுப் படிப்பு 40 கிரெடிட்; அதாவது 1,200 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவைப்படும்.

இக்கிரெடிட்டுகளைச் சேமிப்பதற்கென, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கல்விக் கிரெடிட் வங்கி ஏற்படுத்தப்பட்டது. பண வங்கியில் வாடிக்கையாளரே பணம் செலுத்துவார். இங்கோ கிரெடிட்டைச் செலுத்துவது கல்வி நிறுவனம்; மாணவர் தாமாகச் செலுத்த இயலாது. சேமித்த கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை செல்லும்.

மூன்று வரம்புகள்

முதலாவது, காலம். 2021-22 கல்வியாண்டிலும் அதன் பின்னரும் ஈட்டிய கிரெடிட்டுகளே இவ்வங்கியின் வழியாக மாற்றத்தக்கவை. 2004-இல் படிப்பை நிறுத்தியவரிடம் இருப்பது மதிப்பெண் பட்டியலே. வங்கிக் கிரெடிட் அன்று. அவருக்குச் சலுகை அளிப்பதும் மறுப்பதும் அவர் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளைப் பொறுத்தவை.

இரண்டாவது, அளவு. பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டுகளை ஈட்ட வேண்டும் என்று 2021 விதிமுறைகள் கூறுகின்றன. ஆகவே ஒருவரிடம் 80 கிரெடிட் இருந்தாலும், 120 கிரெடிட் கொண்ட பட்டத்திற்கு 60-க்கு மேல் பயன்படாது.

மூன்றாவது, பொருத்தம். பழைய பாடமும் புதிய பாடமும் உள்ளடக்கத்திலும் தரத்திலும் ஒத்திருத்தல் வேண்டும். இயற்பியலில் ஈட்டிய கிரெடிட் வணிகவியல் பட்டத்தின் முதன்மைப் பாடங்களுக்கு ஈடாகாது.

மலிவு எது?

ஆண்டுக் கட்டணம் குறைவாக இருப்பதே மலிவு என்று கருதுவது பொருளியல் நோக்கில் பிழையானதாகும். பட்டம் கைக்கு வரும் வரை ஆகும் மொத்தச் செலவையே ஒப்பிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதற் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் ரூ.30,000, பழைய கிரெடிட் ஏதும் ஏற்கப்படுவதில்லை. மூன்றாண்டுகளுக்கு ரூ.90,000 ஆகும். மற்றொன்றில் ஆண்டுக் கட்டணம் ரூ.40,000, ஆனால் 40 கிரெடிட் ஏற்கப்படுகிறது. ஈராண்டுகளுக்கு ரூ.80,000 மட்டுமே. கட்டணம் கூடுதலாகத் தோன்றிய நிறுவனமே உண்மையில் மலிவானது. ஓராண்டுக் காலமும் மிச்சமாகிறது.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கட்டணம் பருவவாரியாக வசூலிக்கப்படும் இடத்தில், பருவத்திற்கு இரண்டொரு பாடங்களில் விலக்குக் கிடைத்தால் படிப்புச் சுமை குறையுமேயன்றிச் செலவு குறையாது. முழுப் பருவமே குறைந்தால்தான் பணம் மிஞ்சும். தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், கிரெடிட் மாற்றக் கட்டணம், இணைய இணைப்பு, தேர்வு மையத்திற்குச் செல்லும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

செலவைக் குறைக்க வேறொரு வழியும் உள்ளது. 2017-இல் தொடங்கப்பட்ட ‘சுவயம்’ தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தின் வழியே படிக்க அனுமதிக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டின் விதிமுறை கூறுகிறது. தாம் சேரும் நிறுவனம் இதனை ஏற்கிறதா என்று முன்னரே கேட்டறிதல் நலம்.

சேருமுன் செய்ய வேண்டியவை

முதலில், அந்நிறுவனமும் அக்குறிப்பிட்ட படிப்பும் சேரவிருக்கும் ஆண்டிற்கு ஏற்புப் பெற்றவையா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் காண வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்புப் பெற்றது என்பதால் அதன் எல்லாப் படிப்புகளும் ஏற்புப் பெற்றவை ஆகிவிடா. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் இணையவழிப் பட்டத்திற்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முகவர் நிலையங்கள் வழியாகப் படிப்பை நடத்துவதும் விதிகளுக்குப் புறம்பானது.

ஏற்புப் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்திற்கு நிகரானது என்பதை மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. எனினும் ஏற்பில்லாத படிப்பு எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே.

அடுத்து, பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல், அக்காலப் பாடத்திட்டம், இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பாடத்திட்டம் இன்றேல் பாடப் பொருத்தத்தை ஆராய வழியில்லை. பின்னர், எந்தெந்தப் பாடங்களுக்கு எத்தனை கிரெடிட், இன்னும் எத்தனை பருவங்கள், எவ்வளவு கட்டணம் என்னும் விவரங்களை அப்பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்து மூலம் பெற வேண்டும். இவையனைத்தும் கட்டணம் செலுத்துவதற்கு முன் முடிய வேண்டியவை. அரசு ஊழியர்கள் தம் துறையின் முன் அனுமதியையும் பெறுதல் அவசியம்.

படிப்பை இடையில் நிறுத்தியவரை மீண்டும் வரவேற்பதே கிரெடிட் முறையின் நோக்கமாகும். அந்நோக்கம் ஈடேற, நிறுவனங்கள் தம் மாற்ற விதிகளைச் சேர்க்கை அறிவிப்பிலேயே தெளிவாக வெளியிட வேண்டும். பழைய ஆவணங்களைக் கேட்டு வருவோரைக் கல்லூரி அலுவலகங்கள் அலைக்கழிக்காமல் இருக்க வேண்டும். எம் எழுத்தர் இப்போது இரண்டாவது பருவத்திலிருந்து முறையாகப் படித்து வருகிறார். இழந்த ஈராண்டு உழைப்பு அவருக்குத் திரும்பவில்லை. அந்த இழப்பு அடுத்தவருக்கு நேராதிருக்க, ஒரு கடிதமும் சிறிது பொறுமையும் போதும்.