தனுஷ்கோடி செல்ஃபியில் வரும் கடற்காகம் கோடையில் எங்கே போகிறது?

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எடுக்கும் செல்ஃபிகளில், கூப்பிடாமலே வந்துவிடும் விருந்தாளி ஒன்று உண்டு. நம் தோளுக்குப் பின்னால், கடலுக்கு மேலே சிறகை விரித்து நிற்கும் வெள்ளைப் பறவை. கடற்காகம். கார்த்திகை, மார்கழியில் போனால் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். பங்குனி வெயில் ஏற ஏறக் கூட்டம் கரையும். வைகாசியில் போனால் கரை வெறிச்சென்று கிடக்கும்.

எங்கே போயின?

அரிச்சல்முனையில் அதிகம் தென்படுவது பழுப்புத்தலைக் கடற்காகம். அதன் பிறந்த வீடு லடாக், திபெத் பக்கத்து உயர்மலை ஏரிகள். அதோடு கலந்து நிற்கும், உருவத்தில் பெரிய, சாம்பல் முதுகுள்ள ஹியூக்ளின் கடற்காகத்தின் கதை இன்னும் பெரியது. அந்தக் கதை சமீபத்தில்தான் முழுதாகத் தெரியவந்தது. அதைச் சொன்னதும் தனுஷ்கோடிக்கு நேர் எதிரே, சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னார் தீவிலிருந்து கிளம்பிய ஒரு பறவைதான்.

அதன் பெயர் மேகா.

மேகாவின் பயணம்

கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழுவினர், சீன அறிவியல் கழகத்துடன் சேர்ந்து மன்னாரில் பறவைகளைப் பிடித்து, முதுகில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். அதில் ஒரு ஹியூக்ளின் கடற்காகத்துக்கு வைத்த பெயர் மேகா. 2021 கோடையில் மேகா வடக்கே கிளம்பியது. இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் வட உச்சியில் ஆர்க்டிக் கடலை ஒட்டிய யமால் தீபகற்பத்தில் போய் இறங்கியது. கோடை முழுக்க அங்கே இருந்துவிட்டு, அதே ஆண்டு மன்னாருக்கே திரும்பியும் வந்துவிட்டது. போக வர பத்தொன்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்!

யமால் என்ற சொல்லுக்கு அங்குள்ள நெனெட்ஸ் மக்களின் மொழியில் 'நிலத்தின் முனை' என்று பொருள். தனுஷ்கோடியில் இருக்கும் 'கோடி'க்கும் முனை என்றுதான் அர்த்தம். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஆண்டுதோறும் போய்வருகிறது, ஒரு கிலோகூட இருக்குமோ இருக்காதோ என்ற எடையுள்ள பறவை.

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன? சின்ன சோலார் தகடு, ஜி.பி.எஸ்., கூடவே நம் போனில் இருப்பதுபோல ஒரு சிம். பறவை இருக்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, செல்போன் டவர் எல்லைக்குள் வந்ததும் மொத்தத்தையும் அனுப்பிவிடும். டவர் இல்லாத பாலைவனத்திலோ கடலிலோ பறந்தால், கணக்கு உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2019-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் கழுகுகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் கருவிகளைக் கட்டியிருந்தார்கள். மின் என்ற கழுகு கோடை முழுக்க கஜகஸ்தானில் டவர் இல்லாத இடத்தில் சுற்றிவிட்டு, நேரே ஈரானுக்குப் போய், சேர்த்துவைத்த செய்திகளையெல்லாம் அங்கிருந்து கொட்டித் தீர்த்தது. ரோமிங் கட்டணத்தில் ஆய்வுப் பணமே காலி. கடைசியில் பொதுமக்கள் நன்கொடை அனுப்பினார்கள். செல்போன் நிறுவனமும் இரக்கப்பட்டுக் கடனைத் தள்ளுபடி செய்தது.

கருவி இருக்க, வளையம் எதற்கு?

பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. ஒரு கிலோ கடற்காகம் 30 கிராம் சுமக்கலாம். ஆனால், நம் கழிமுகங்களில் குடுகுடுவென்று ஓடும் கொசு உள்ளானின் எடையே 25 கிராம்தான். அதற்கு முக்கால் கிராம் கருவி வேண்டும். அவ்வளவு சிறியதில் இவ்வளவு வேலையும் செய்யவைப்பது சுலபமில்லை, விலையும் எகிறும். எனவே அதற்குக் காலில் ஓர் அலுமினிய வளையம்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஹன்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் 1899-ல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டினார். இன்று உலகம் முழுக்க நடப்பது அதே வேலைதான். ஆளுக்கு ஆதார் எண் மாதிரி, பறவைக்கு ஓர் எண். ஒரு வித்தியாசம், அந்த எண்ணை யாராவது மறுபடி பார்த்துப் படித்துச் சொன்னால்தான் பயன். சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை.

கிடைக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு தீவுகளின் கதை போதும்.

வேல்ஸ் கரையோரத்தில் ஸ்கோகோம் என்றொரு குட்டித் தீவு. 1952-ல் அங்கு வளையமிட்ட மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை ஒன்றை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு விமானத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வழி தெரியாத ஊர், நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல். பன்னிரண்டரை நாளில் தன் வளைக்கே வந்து சேர்ந்துவிட்டது. "பறவையை விட்டுவிட்டோம்" என்று பாஸ்டனிலிருந்து போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்னொன்று பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் மிட்வே தீவு. 1956-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அங்கே ஒரு லேசன் ஆல்பட்ராஸ் பறவைக்கு வளையம் போட்டார். 46 ஆண்டுகள் கழித்து 2002-ல், அதே தீவில், அதே பறவையை அவரே மறுபடி பிடித்தார். தேய்ந்த வளையங்களை மாற்றி மாற்றி வந்த எண்களைப் பின்னோக்கிப் பார்த்தபோதுதான் அது முதலில் தன் கையால் போட்ட வளையம் என்று தெரிந்தது. விஸ்டம் என்று பெயர் பெற்ற அந்தப் பறவை 2024 இறுதியிலும் ஒரு முட்டை இட்டது. அப்போது வயது குறைந்தது 74 இருக்கும் என்பது கணக்கு. ராபின்ஸ் 2017-லேயே காலமாகிவிட்டார். அந்த வளையம் இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கான ஆல்பட்ராஸ்களில் இது பாட்டி என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

காய்ச்சலில் தொடங்கிய கோடியக்கரை

நம் பக்கம் இந்த வேலை சூடுபிடிக்கக் காரணம், பறவை ஆசை மட்டுமல்ல, ஒரு காய்ச்சல். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் காடுகளில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலில் செத்தார்கள். கியாசனூர் காட்டுக் காய்ச்சல். அந்த வைரஸ் ரஷ்யப் பகுதியில் காணப்படும் ஒரு வைரஸுக்கு உறவு என்று தெரிந்ததும், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிக்கொண்டு வரும் உண்ணிகள் கொண்டுவந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலி தலைமையில் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் பணமும் இந்த ஆய்வில் இருந்தது என்று 1970-களில் பெரிய சர்ச்சையே வெடித்தது. பறவைகள்மீதான சந்தேகம் நிரூபணமாகவில்லை. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்ற விவரம் மலைபோலச் சேர்ந்தது.

அந்த வேலையின் முக்கியமான களங்களில் ஒன்று வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை. 1967-ல் சரணாலயமானது, 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. 1980-களிலிருந்து பல பத்தாண்டுகள் முனைவர் எஸ்.பாலச்சந்திரன் அங்கே உள்ளான்களுக்கும் ஆலாக்களுக்கும் வளையமிட்டு வந்தார்.

பறவையைப் பிடிப்பது யார்? அதுதான் சுவாரஸ்யம். பீகாரின் மிர்ஷிகார்கள், பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களில் அலி ஹுசைன் போன்றவர்களைக் கழகம் வேலைக்கு அழைத்துக்கொண்டது. மூங்கில் குச்சி, சுருக்குக் கயிறு, மெல்லிய வலை, கூடவே பறவையின் குரலை அப்படியே எழுப்பும் தொண்டை. விஞ்ஞானிகளிடம் இல்லாத வித்தை அது. இறகு கலையாமல் பிடித்து, எடை பார்த்து, சிறகளந்து, வளையம் மாட்டி, சில நிமிடங்களில் விட்டுவிடுவார்கள்.

அதே பறவை அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே சேற்றுக்கு வந்து மறுபடி வலையில் விழுந்தபோது ஒன்று புரிந்தது. இவை 'எங்கேயாவது ஈரமான இடம்' என்று வருவதில்லை. இந்தச் சேறு, இந்த உப்பங்கழி என்று முகவரி வைத்துக்கொண்டு வருகின்றன. அதனால்தான் கோடியக்கரையில் உப்பளங்கள் பெருகி, நன்னீர் வரத்து குறைந்தபோது உள்ளான் கூட்டங்கள் சுருங்கியது கவலைப்பட வைக்கிறது. 2018-ல் கஜா புயல் காட்டையே சாய்த்துப் போட்டது தனிக் கதை.

மணல் திட்டில் தொட்டில்

கடற்காகங்கள் குளிர்கால விருந்தாளிகள். ஆலாக்களில் சில இங்கேயே குஞ்சு பொரிக்கின்றன. ராமர் பாலம் என்று நாம் சொல்லும் மணல் திட்டுகளில், இலங்கைப் பக்கத்துத் திட்டுகள் ஆலாக்களின் பிரசவ வார்டு. மரமில்லை, நிழலில்லை. வெறும் மணலில் சின்னக் குழி, அதில் முட்டை. மணலின் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். 2015-ல் இலங்கை அரசு அப்பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

அரபிக்கடல் பக்கம் லட்சத்தீவின் பிட்டி. ஓர் ஊர்க்குளத்தின் அளவுகூட இல்லாத மணல்மேடு, குடிநீர் கிடையாது, ஆள் கிடையாது. ஆனால் கரும்முதுகு ஆலாக்களும் நாடி என்ற பழுப்புப் பறவைகளும் அங்கேதான் வந்து முட்டையிடுகின்றன. கரும்முதுகு ஆலாவின் குஞ்சு ஒருமுறை பறக்கத் தொடங்கினால் பல ஆண்டுகள் தரையையே தொடுவதில்லை. அப்படிப்பட்ட பறவையும் முட்டையிட மட்டும் ஒரு துண்டு மண்ணைத் தேடி வந்தாக வேண்டும். லட்சத்தீவு மீனவர்கள் சூரைக் கூட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பதே இந்தப் பறவைகள் வட்டமிடும் இடத்தை வைத்துத்தான்.

காற்றாலைக்கு நடுவே ஒரு வழி

மேகாவின் பாதைக் கோடு இப்போது வெறும் ஆச்சரியத் தகவலாக இல்லை. மன்னார் தீவின் கரையோரத்தில் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. அடுத்து அதானி நிறுவனத்தின் பெரிய காற்றாலைத் திட்டம் வந்தபோது, பறவைகளின் வழித்தடத்தைக் காட்டிச் சூழலியல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போயின. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அப்போது முன்னால் நின்றது மின் கட்டணப் பிரச்னை, பறவை அல்ல.

இந்தப் பக்கம் தமிழகக் கடலிலும் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு நிதி ஆதரவு தர மத்திய அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் அளித்துவிட்டது. காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கரி எரிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால், கோபுரத்தை எங்கே நடுவது என்பதற்கு, பறவைகள் எந்த மாதம், எந்த நேரம், எத்தனை அடி உயரத்தில் பறக்கின்றன என்ற கணக்கு முதலில் வேண்டும். அந்தக் கணக்கைத் தரக்கூடியவை வளையமும் கருவியும்தான். நட்ட பிறகு தேடுவது, வீடு கட்டிவிட்டு வாஸ்து பார்ப்பதுபோல. தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்திருக்கும் நேரத்தில், இந்தக் கேள்வி இன்னும் பொருத்தமாகிறது.

கண்ணில் பட்டால்?

வளையம் போட்ட பறவை கோடியக்கரையில்தான் கிடைக்கும் என்றில்லை. புயலுக்கு மறுநாள் புதுச்சேரி வீராம்பட்டினம் கரையில் களைத்துக் கிடக்கலாம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊசுட்டேரியில் நிற்கலாம். மீன் வலையில் சிக்கி வரலாம்.

உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றவே கூடாது. போனில் எண் தெளிவாகத் தெரியும்படி, வளையத்தைச் சுற்றி இரண்டு மூன்று பக்கமும் படம் எடுங்கள். காலில் வண்ணக் கொடி இருந்தால் எந்தக் காலில், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம் என்று குறியுங்கள். எந்த நாட்டில் கட்டியது என்பதை நிறமே சொல்லிவிடும். இடம், தேதி முக்கியம். இறந்து கிடந்தால் வெறும் கையால் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் காலம். படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். முதுகில் கருவி இருப்பதைப் பார்த்து 'உளவுப் பறவை' என்று காவல் நிலையத்துக்குத் தூக்கிப்போன செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வருகின்றன. அது உளவும் இல்லை, கேமராவும் இல்லை.

இந்திய வளையத்தில் 'இன்ஃபார்ம் பாம்பே நேட். ஹிஸ்ட். சொசைட்டி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். மும்பையில் இருக்கும் அந்தக் கழகத்துக்கு எண்ணை அனுப்பினால் போதும். வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் அவர்கள் உரிய நாட்டுக்குச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பறவைக்கு எப்போது, எந்த ஊரில் வளையம் போட்டார்கள் என்ற விவரம் பிறகு உங்களுக்கே திரும்பி வரும்.