பிஞ்சு முதுகும் பிராம் வண்டியும்

தாய் வீட்டுச் சீராகத் தொட்டிலும் வெள்ளி அரைஞாணும் கால் கொலுசும் வந்த வரிசையில், நகரத்துக் குடும்பங்களில் இப்போது ஒரு ஸ்ட்ரோலரும் சேர்ந்துவிட்டது. தாய்மாமனோ சித்தியோ கைப்பேசியில் படம் பார்த்து, நிறம் பார்த்து, தள்ளுபடி பார்த்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் அந்த வண்டிக்குள் குழந்தை எப்படிப் படுக்கும், எப்படி மூச்சு விடும், உள்ளே எவ்வளவு வெக்கை அடிக்கும் என்று பலரும் யோசிப்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். விலையும் நிறமும் பிறகு வரட்டும்.

கழுத்து நிற்கும் வரை படுக்கைதான்

கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் காட்டினாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதன் இருக்கை முழுவதும் சாய்ந்து, தட்டையான படுக்கையாக மாறுகிறதா? பிறந்த குழந்தைக்கு இது இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம்.

பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலைதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் வலு கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வந்திருக்காது. நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை மார்பில் படிந்துவிடும். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது, மென்மையானது. கழுத்து மடங்கும்போது அதுவும் மடங்கி, காற்று போகும் வழி சுருங்குகிறது. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், குழந்தை அழுது நமக்குச் சொல்லாது. பார்ப்பவர் கண்ணுக்கு அயர்ந்து தூங்குவது போலவே இருக்கும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஸ்ட்ரோலர், கார் சீட், ஆடும் இருக்கை போன்ற உட்கார வைக்கும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்வதற்குக் காரணம் இதுதான். 4 மாதம் நிறையாத குழந்தைகள் விஷயத்தில் அது கூடுதலாக எச்சரிக்கிறது. வண்டியில் தூங்கிப்போனால், வீட்டுக்கு வந்ததும் தூக்கித் தட்டையான படுக்கையில் மல்லாத்திப் போட வேண்டும். எழுந்துவிடுமே என்று வாசலிலேயே வண்டியோடு விட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம்.

கழுத்து நிற்க 3 முதல் 4 மாதம் ஆகும். பிடிமானம் இல்லாமல் உட்கார 6 மாதம் வாக்கில் ஆகும். சில வாரங்கள் முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை. அதுவரை தட்டையாகப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். உட்காரப் பழகிய பிறகு, மெல்லச் சாய்வைக் குறைத்துக்கொள்ளலாம்.

குடைபோல மடங்கும் மெலிந்த வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்த ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1965-இல் அலுமினியக் குழாய்களை வைத்து உருவாக்கிய வடிவம் அது. அன்றைய கனத்த பிராம்களுக்கு நடுவில் அதன் எடை 3 கிலோவுக்கும் குறைவு. பேருந்திலும் ரயிலிலும் போகும் தாய்மார்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் அதன் துணி இருக்கை நடுவில் தொய்யும், சாய்வும் குறைவு. உட்காரத் தெரிந்த குழந்தைக்கு அருமையான வண்டி, கைக்குழந்தைக்கு ஆகாது. நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக 40 நாள் குழந்தைக்கு அதை வாங்கிவிடுகிறார்கள். அதுதான் கவலையாக இருக்கிறது.

வெயிலுக்குத் துண்டு போட்டு மூடாதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெயில் படுகிறது, தூசி படுகிறது, கண் படுகிறது என்று வண்டியின் முன்பக்கத்தைத் துண்டாலோ துப்பட்டாவாலோ மூடிவிடுகிறோம். உள்ளே நிழல் விழுவதைப் பார்த்து மனம் ஆறுகிறது. காற்று நின்றுபோவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2014-இல் ஸ்வீடனின் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழ் ஒரு கோடை நாளில் இதைச் சோதித்துப் பார்த்தது. திறந்திருந்த வண்டிக்குள் 22 டிகிரி செல்சியஸ். மெல்லிய துணியால் மூடிய அரை மணி நேரத்தில் 34 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 37 டிகிரி. ஸ்வீடன் வெயிலுக்கே இந்தக் கதி என்றால், சித்திரை மாதத்து வேலூரையும் மதுரையையும் நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களைப் போலக் குழந்தைகளின் உடம்பு சூட்டைச் சமாளிக்காது. எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் வெளிச்சூடு விரைவில் ஏறுகிறது. வியர்த்துக் குளிரும் திறனும் முழுதாக வளர்ந்திருக்காது. போர்த்தியதைத் தானே விலக்கவும் தெரியாது.

2023-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாக அளந்தார்கள். உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியால் மூடியபோது வண்டிக்குள் சூடு 2.5 டிகிரிக்கு மேல் கூடியது. தடித்த ஃபிளானல் துணிக்கு இன்னும் அதிகம். அதே மஸ்லினை நனைத்துப் போட்டு, பேட்டரியில் ஓடும் சிறு விசிறியையும் மாட்டியபோது, சூடு ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தது. ஆனால் ஈரம் ஆவியானால்தான் துணி குளிர்ச்சி தரும். கோயம்புத்தூர், மதுரை போன்ற ஊர்களின் வறண்ட வெயிலில் இது பலிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு நம்ப முடியாது. எங்கே போட்டாலும் துணி முகத்தில் படக் கூடாது. காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்தே இருக்க வேண்டும்.

ஆகவே வண்டி வாங்கும்போதே நெற்றிக்கு முன்னால் நன்றாக இறங்கும் ஹூட், பின்புறம் சுருட்டிவிடக்கூடிய வலைச் சாளரம், வெளிர் நிறத் துணி ஆகியவற்றைக் கேளுங்கள். கறுப்பு வண்டி படத்தில் எடுப்பாக இருக்கும், வெயிலில் கொதிக்கும். உலோகக் கொக்கி வெயிலில் கிடந்திருந்தால் குழந்தையை வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை, கோடையில் வண்டியோடு வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

குழந்தைக்குச் சூடேறியிருக்கிறதா என்று பின்கழுத்திலும் மார்பிலும் கைவைத்துப் பாருங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. முகம் சிவந்து, வேகமாக மூச்சு வாங்கி, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் ஒற்றி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். 6 மாதம் வரை தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும்.

கொசுவலை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பின்னும் இருட்டுவதற்கு முன்னும் அதன் ஆட்டம் அதிகம். நாம் குழந்தையை வெளியே கொண்டுபோகும் நேரமும் அதுதான். டெங்குக் காலத்தில் வண்டிக்குப் பொருந்தும் கொசுவலை வீண் செலவே ஆகாது. வலை காற்றை விடும், துண்டு விடாது.

பெல்ட், பிரேக், மூட்டு

அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை ஸ்ட்ரோலராலும் குழந்தை தாங்கிகளாலும் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வந்த 5 வயது வரையிலான குழந்தைகள் ஏறக்குறைய 3.6 லட்சம் பேர். பெரும்பாலும் கீழே விழுந்ததுதான் காரணம். அடிபட்டது பெரும்பாலும் தலையிலும் முகத்திலும். பாதுகாப்பு விதிகளும் சமமான நடைபாதைகளும் உள்ள நாட்டின் கணக்கு இது.

எனவே இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட்டில் குழந்தை நழுவி இறங்கிவிடும். சற்று வளர்ந்த பிள்ளை அதிலேயே எழுந்து நிற்கும். "இதோ முக்குக் கடைவரைதானே" என்று மாட்டாமல் போகிறோம். முக்குக் கடைக்குப் போகும் வழியில்தான் வேகத்தடையும் உடைந்த சாக்கடை மூடியும் இருக்கின்றன.

பிரேக்கைக் கடையிலேயே சரிவான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே மிதியில் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிராம்களின் பிரேக் மிதி சிவப்பாக இருக்க வேண்டும், தள்ளுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார் இருக்க வேண்டும் என்பது கட்டாய விதி. 2009-இல் மெல்போர்ன் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில், தாய் கையை எடுத்த ஓரிரு கணத்தில் பிராம் நடைமேடையிலிருந்து உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலின் முன் விழுந்தது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. மெட்ரோ நிலையத்திலும், மின்சார ரயில் நடைமேடையிலும் நின்றால் பிரேக் போட்டே நில்லுங்கள். வண்டியை நடைமேடை ஓரத்துக்கு இணையாக நிறுத்துங்கள். நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றவே கூடாது, லிஃப்ட்தான்.

மடக்கும் வண்டிகளில் மூட்டுகளைக் கவனியுங்கள். அதே 2009-இல் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. விரிக்கும்போது மூட்டில் விரல் சிக்கி, 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதே காரணம். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தையை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூட்டுக்கு உறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைப்பிடியில் பை மாட்டுவதை எல்லோரும் செய்கிறோம். காய்கறி நிறைந்த மஞ்சப்பை பின்னால் தொங்கும்போது, குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்து விழுகிறது. குழந்தை உள்ளே இருக்கும்போதே விழுவதும் உண்டு. பையை இருக்கைக்குக் கீழுள்ள கூடையில் வையுங்கள்.

யார் தள்ளப் போகிறார்கள்?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தன. அறுவைச் சிகிச்சை முடிந்து முதல் 6 வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அறிவுரை. அப்படிப்பட்ட பச்சை உடம்புக்காரியை, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து 11 கிலோ வண்டியை இறக்கச் சொல்வது கொடுமை. மாடி வீட்டுக்கு 6, 7 கிலோவுக்குள், தட்டையாகவும் சாயக்கூடிய வண்டியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கனமான வண்டியைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்திவைக்க வழி பாருங்கள்.

மாலையில் தள்ளப் போவது தாத்தா பாட்டி என்றால் அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடி இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே இருந்து, முழங்கை லேசாக மடங்கினால் முதுகு வலிக்காது. சக்கரத்தைக் கடையின் வழுவழுத் தரையில் ஓட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். சிறிய பிளாஸ்டிக் இரட்டைச் சக்கரங்கள் நம் தெருவின் குழியில் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். சற்றுப் பெரிய, ரப்பர் போர்த்திய சக்கரமும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கும் இருந்தால் நல்லது. சென்னை பாண்டி பஜார் போல அகன்ற நடைபாதை எல்லா ஊரிலும் இல்லையே.

புகைக்கும் முகத்துக்கும் நடுவே

ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தையின் முகம் தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாகனங்களின் புகைக்குழாயும் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான். பெரியவர்களைவிட 60 விழுக்காடு வரை கூடுதலான மாசைக் குழந்தை சுவாசிக்கக்கூடும் என்று சர்ரே பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரசாந்த் குமாரின் குழு 2018-இல் எழுதியது. சிக்னலில் சாலை விளிம்பில் நிற்காமல் நாலடி பின்னால் நில்லுங்கள். பெரிய சாலையைத் தவிர்த்து உள்தெருவில் போங்கள். புகை மிகுந்த இடத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறும் வண்டியைத் தள்ளுவது எவ்வளவோ மேல்.

குழந்தை தள்ளுபவரைப் பார்த்தபடி இருக்கும் வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் 2008-இல் பிரிட்டன் தெருக்களில் கவனித்ததில், முகம் பார்த்திருக்கும் வண்டிகளில் தாய்மார்கள் குழந்தையோடு இரண்டு மடங்கு பேசியது தெரிந்தது. கழுத்து சாய்ந்திருக்கிறதா, முகம் சிவந்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் பாதிப் பயன் தானே வரும்.

வண்டியே கதி என்று வேண்டாம்

5 வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரே தடவையில் 1 மணி நேரத்துக்கு மேல் வண்டியிலோ உயர நாற்காலியிலோ கட்டிவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கைக்குழந்தை விழித்திருக்கும்போது ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எப்போதும் மல்லாந்தே கிடந்தால் பின்மண்டை தட்டையாகும், கழுத்தும் தோளும் வலுப்பெறத் தாமதமாகும். பாயில் விட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வதும், இடுப்பில் தூக்கிக்கொண்டு காக்கா காட்டுவதும் தொடரட்டும்.

கடையில் ஸ்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே வட்டமாக நிற்கும் நடைவண்டியை, அதாவது வாக்கரை, மட்டும் வாங்காதீர்கள். படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துக்காகக் கனடா அதை 2004-இலேயே தடை செய்துவிட்டது. சீக்கிரம் நடக்கவும் அது உதவுவதில்லை.

அக்கா பிள்ளையின் பழைய வண்டி

உறவில் ஒருவர் பயன்படுத்திய வண்டியை வாங்கிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. நல்ல நிறுவன வண்டி இரண்டு மூன்று பிள்ளைகளைத் தாங்கும். துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவையுங்கள். பிறகு பெரியவர்கள் இருவர் சேர்ந்து சோதித்துப் பாருங்கள். 15 கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பெல்ட்டைப் போட்டு உலுக்குங்கள். பிரேக் போட்டுத் தள்ளுங்கள், பத்து முறை மடக்கி விரியுங்கள். விரித்தால் பூட்டு 'டக்' என்று விழ வேண்டும், தானாக மடங்கக் கூடாது. தேய்ந்த சக்கரத்தையும் கிழிந்த ஹூட்டையும் மாற்றிக்கொள்ளலாம். பூட்டு நிற்கவில்லை, சட்டத்தில் விரிசல் இருக்கிறது, பெல்ட் கொக்கி இழுத்தால் கழன்று வருகிறது என்றால் அந்த வண்டியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள், அதற்கு முன் பெல்ட்டை அறுத்துவிடுங்கள், இன்னொரு வீட்டில் யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி.