துயிலும் கண்ணீரும்

ஈழத்துக் கிறித்தவர்தம் மரண அறிவித்தல்களில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்னும் தொடரை நாம் காண்கிறோம். கிரேக்கமொழி பேசிய ஆதிக் கிறித்தவர் இடுகாட்டைத் 'துயிலிடம்' என்றழைத்ததும் இவ்வுருவகங் கொண்டே. உயிர்த்தெழுதலை நம்புவோர்க்குச் சாவு உறக்கமாகிறது.

ஆயினும் இத்தொடர் துயரை மறைக்கும் திரையன்று. யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில், லாசரு துயில்வதாக முதலிற் கூறும் இயேசு, சீடர் பொருளுணராதபோது, அவன் இறந்தமையை வெளிப்படையாகவே உரைக்கிறார். அவர் வாராமையை முறையிட்ட மார்த்தாளைக் கடியாது உயிர்த்தெழுதலைப் பேசுகிறார். மரியாள் அழக்கண்டு தாமும் கண்ணீர் விடுகிறார்.

எனவே, தடுத்திருக்கக்கூடிய சாவையும் 'தேவசித்தம்' எனக் கூறி உற்றாரின் அழுகையையும் வினாவையும் அடக்குவது விசுவாசத்தின் மொழியாகாது. இறப்பை ஒப்பி, முறையீட்டுக்குச் செவிசாய்த்து, உடனழுவோர் கூறும் நம்பிக்கைச் சொல்லே ஆறுதலாகும் என்பது எமது துணிபு.