படம் எடுக்கலாம், விற்கக் கூடாது: லண்டன் மாணவர் விசாவின் சிக்கல்

பிரிட்டனில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது 2026 டிசம்பர் 31 என்ற தேதிதான் பேச்சு. படிப்பு முடிந்த பிறகு அங்கேயே தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா, முதுகலை முடித்தவர்களுக்கு இதுவரை இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு அப்படியே தொடர்கிறது. இதைப் பற்றி வந்த வாசகர் கடிதங்களில், லண்டனில் பத்திரிகைப் புகைப்படம் படிக்கும் மாணவர்களும், அந்தப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயாராகும் பெற்றோரும் கேட்டிருப்பவை நிறைய. ஏறக்குறைய எல்லாமே தேதியைப் பற்றிய கேள்விகள். ஆனால் இந்தத் தொழிலைப் பொறுத்தவரை ஆறு மாதம் குறைவது பெரிய இழப்பே இல்லை. அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை, படிக்கும் காலத்திலேயே மாணவர் விசாவில் ஒரு வரியாக இருக்கிறது.

முதலில் தேதி. கணக்கில் வருவது படிப்பு முடியும் நாளும் அல்ல, பட்டமளிப்பு விழாவும் அல்ல. விண்ணப்பம் போடும் நாள். நினைத்த நாளில் விண்ணப்பம் போட்டுவிடவும் முடியாது. மாணவர் படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் போட முடியும். 2025 செப்டம்பரில் சேர்ந்து ஓராண்டில் முடிக்கிறவர்களுக்கு வழக்கமாக நவம்பர், டிசம்பரில் தேர்வுக்குழு கூடி முடிவு வரும். அதில் ஒரு பாடத்தில் மறுசமர்ப்பிப்பு என்றாலே ஜனவரி தாண்டிவிடும். 15 மாதம் நீளும் முதுகலைகளும் லண்டனில் உண்டு. அவற்றில் படிக்கிறவர்கள் இரண்டு ஆண்டை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2026 செப்டம்பரில் சேர்கிறவர்களுக்கு 18 மாதம் என்பதில் சந்தேகமே இல்லை. டிசம்பர் 31க்குள் போட முடியும் என்கிற நிலையில் இருப்பவர்கள், முடிவுகளை எந்த வாரம் உள்துறைக்கு அனுப்புவார்கள் என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘டிசம்பருக்குள் ஆகிவிடும்’ என்ற வாய்ப்பேச்சுப் பதில் போதாது.

இனி அந்த ஒரு வரி. மாணவர் விசாவில் வந்தவர் சுயதொழில் செய்யக் கூடாது. வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று எல்லா கையேடுகளும் பெரிய எழுத்தில் சொல்கின்றன. அந்த 20 மணி நேரமும் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் செய்கிற வேலைக்குத்தான். காப்பிக் கடையில் கோப்பை கழுவலாம், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடலாம். ஒரு செய்திப் படத்தை ஏஜென்சிக்கு விற்று இன்வாய்ஸ் அனுப்பினால், அது ஒரே ஒரு படமாக இருந்தாலும், இருபது பவுண்டாக இருந்தாலும், விசா மீறல்.

மற்ற படிப்புகளில் இது அவ்வளவாக உறுத்தாது. கணக்கியல் படிக்கிறவர் ஓர் அலுவலகத்தில் பகுதிநேர ஊழியராகச் சேர்ந்து தொழிலைத் தொட்டுப் பார்த்துவிட முடியும். பத்திரிகைப் புகைப்படத்தில் அந்த வாசல் கிட்டத்தட்ட மூடிக் கிடக்கிறது. மாதச் சம்பளத்தில் புகைப்படக்காரர்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் லண்டன் பத்திரிகைகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று தொழில் என்றாலே ஃப்ரீலான்ஸ்தான். தொழில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்தையே விசா தடை செய்கிறது.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை மத்திய லண்டனில் பேரணி. பல்கலைக்கழகம் கொடுத்த களப்பணி அது. பார்க் லேனில் தொடங்கி வைட்ஹால் வரை இரண்டு மாணவர்கள் ஒன்றாகவே நடக்கிறார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர், இன்னொருவர் நம் ஊர்ப் பெண். மாலையில் ஒரே மேசையில் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். கார்டிலிருந்து படங்களை இறக்கி, நூற்றுக்கணக்கானவற்றைப் பத்தாகக் கழித்து, ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று கேப்ஷன் எழுதி, படக்கோப்புக்குள் இருக்கும் பெட்டியில் தங்கள் பெயரைப் பதிக்கிறார்கள். இதுவரை இருவரும் செய்தது ஒரே வேலை. பிறகு உள்ளூர் மாணவர் அந்தப் பத்துப் படங்களையும் ஏஜென்சிக்கு அனுப்புகிறார். மறுநாள் ஒன்று அச்சாகலாம், கணக்கில் சில பவுண்டு விழலாம். நம் மாணவி தன் பத்தையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டு மூடுகிறார். செய்திப் படத்துக்கு ஆயுள் ஒரு நாள். திங்கட்கிழமை அந்தப் படத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

மறைத்துச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மற்ற தொழில்களில் விதியை மீறியதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் சாட்சி படத்துக்குக் கீழே பெயராகவே அச்சாகிறது. தேதியோடு, இடத்தோடு, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி. விசா நிபந்தனையை மீறுவது 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி குற்றம். விசா ரத்தாகலாம், பின்னால் போடும் விண்ணப்பங்களிலும் அது வந்து நிற்கும். படக் களஞ்சிய நிறுவனங்கள் சில, மாணவர்களுக்கென்று தனிச் சலுகையோடு கணக்கு திறந்து கொடுக்கின்றன. அந்த அழைப்பு உங்கள் விசாவைப் பார்த்து வருவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ‘படிக்கிற காலத்தில் படிக்கட்டும்’ என்று விட்டுவிடலாம். இதன் மேல் பிரஸ் கார்டு என்ற இன்னொரு சங்கிலி இருக்கிறது. பிரிட்டனில் அரசு பத்திரிகையாளர் அட்டை தருவதில்லை. தேசியப் பத்திரிகையாளர் சங்கம், பிரிட்டிஷ் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கம் போன்ற அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஆணையத்தின் பேரில் ஒரே மாதிரி அட்டை தரப்படுகிறது. காவல்துறைத் தலைமைகள் அதை ஏற்கின்றன. அட்டை உண்மையானதுதானா என்று களத்தில் நிற்கும் போலீஸ்காரர் உடனே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடு, நம் மாநிலங்களும் பார்த்துக் கற்க வேண்டியது. ஆனால் இந்த அட்டை செய்தி சேகரிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கானது. வெளிநாட்டு மாணவருக்கு அதைக் காட்ட வழி எங்கே? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதையாக, தொழில் செய்தால்தான் அட்டை. தொழில் செய்ய விசா விடாது. அங்கேயே பிறந்து வளர்ந்த சக மாணவர், பட்டம் வாங்கும் நாளில் ஓராண்டு அச்சான படங்களோடு நிற்பார். நம் மாணவர் கிராஜுவேட் விசா கையில் கிடைத்த நாளில் முதல் படத்தை விற்கத் தொடங்குவார். அவருக்கு அந்த 18 மாதம், மற்றவர் ஏற்கெனவே கடந்துவிட்ட ஓராண்டையும் சேர்த்துக் கடப்பதற்கு.

2025 மே மாதம் வெளியான குடியேற்ற வெள்ளை அறிக்கை, கிராஜுவேட் விசாவில் தங்குகிறவர்களில் பலர் பட்டதாரி நிலை வேலைகளுக்குப் போவதில்லை என்று சொல்லித்தான் காலத்தைக் குறைத்தது. ‘பட்டதாரி நிலை வேலை’ என்ற அளவுகோல் சம்பள வேலையை மனதில் வைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. திறன்மிகு பணியாளர் விசாவுக்கு இப்போது பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. அதற்கும் ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். பத்து இடத்துக்குப் படம் கொடுத்துப் பிழைக்கும் ஃப்ரீலான்சருக்குக் கையெழுத்துப் போட யாருமில்லை. முதலில் ஓராண்டு தொழிலுக்குள் விடாமல் தடுத்துவிட்டு, பிறகு தொழிலில் நிலைக்கவில்லை என்று கணக்கு காட்டுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பல்கலைக்கழகங்களும் இதில் தப்ப முடியாது. எலிஃபன்ட் அண்ட் காசிலில் உள்ள லண்டன் காலேஜ் ஆஃப் கம்யூனிகேஷனுக்கும், ஹாரோவில் வகுப்புகள் நடத்தும் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் துறையில் நல்ல பெயர் உண்டு. ஐரோப்பாவின் முதல் புகைப்பட ஸ்டூடியோ 1841இல் திறந்தது வெஸ்ட்மின்ஸ்டரின் தாய் நிறுவனத்தின் கட்டடத்தில்தான். பாடத்தின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பொதுவாக விளம்பரக் கையேடுகளில் வரும் ‘தொழில்துறைத் தொடர்பு’ என்ற சொல்லைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போய் பிக்சர் டெஸ்க்கைக் காட்டுவதும் தொடர்புதான். நான்கு வாரம் அங்கே உட்கார்ந்து கேப்ஷன் திருத்துவதும் தொடர்புதான். முதலாவதில் ஓர் எடிட்டர் எப்படிப் படம் கழிக்கிறார் என்று பார்க்கலாம். இரண்டாவதில்தான் நாம் கழித்த படத்தை அவர் ஏன் திரும்ப எடுத்தார் என்று புரியும். இரண்டாவது வகைக்கு விசாவில் இடம் இருக்கிறது. பாடத்திட்டத்தின் பகுதியாக, மதிப்பெண் உள்ள பணிப்பயிற்சி என்றால், படிப்புக் காலத்தில் பாதி வரைகூட அனுமதி உண்டு; அது 20 மணி நேரக் கணக்கில் சேராது. சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பணிப்பயிற்சி மதிப்பெண்ணோடு வருகிறதா, அல்லது ‘ஊக்குவிக்கப்படுகிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா? ஊக்குவிப்பை உள்துறை கணக்கில் எடுக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எடுத்த படம் தவிர மற்றவற்றில் முதல் உரிமை எடுத்தவருக்கே. மாணவராக இருக்கும்போது எடுத்த படத்தைக் கிராஜுவேட் விசா கிடைத்த பிறகு விற்கலாம். அதனால் அன்றன்றைய செய்தியைத் துரத்துவதைவிட, ஓராண்டு கழித்தும் நிற்கும் தொடர்களை எடுப்பது நம் மாணவர்களுக்குப் புத்திசாலித்தனம். ஈலிங் கனக துர்க்கையம்மன் தேர் வெஸ்ட் ஈலிங் தெருக்களில் ஆகஸ்டு மாதம் ஓடுவதை ஒரு நாள் எடுத்தால் செய்தி. அந்தத் தேரைக் கட்டுகிறவர்கள், வடம் பிடிக்கிறவர்கள், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று ஓராண்டு எடுத்தால் அது யாரும் எளிதில் எடுத்துவிட முடியாத வேலை. மொழி தெரிந்தவருக்கே கதவு திறக்கும் வீடுகள் அவை.

மொழி தெரிந்தவர் களத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009ஐச் சொல்லலாம். அந்த ஏப்ரலில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத் தமிழர்கள் திரண்டபோது உண்ணாவிரதம் இருந்தவர் பரமேஸ்வரன் சுப்பிரமணியன். அவர் ரகசியமாக பர்கர் சாப்பிட்டதைக் காவல்துறை படம் பிடித்திருக்கிறது என்று டெய்லி மெயிலும் சன்னும் சில மாதம் கழித்து எழுதின. அப்படி ஒரு படமே இல்லை. வழக்கு போட்டார்; 2010இல் இரு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. இல்லாத படம் ஒன்று ஒரு போராட்டத்தையே கொச்சைப்படுத்த முடிந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பேசுவதைப் புரிந்துகொண்டு படம் எடுக்கிறவர்கள் அங்கே நிறைய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சென்னைப் பத்திரிகைக்கு லண்டனிலிருந்து படம் அனுப்பி, பணத்தை இந்தியக் கணக்கில் வாங்கினால்? அதுவும் சுயதொழில்தான். பணம் எங்கே விழுகிறது என்பதல்ல, வேலையை எங்கிருந்து செய்கிறீர்கள் என்பதே பேச்சு.

பணம் வாங்காமல் கொடுத்தால்? பணம் இல்லை என்பதாலேயே அது வேலையல்ல என்று ஆகிவிடாது. பாடத்துக்காக எடுத்ததைக் கல்லூரி வெளியீட்டில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெருவில் படம் எடுக்க அனுமதி வேண்டுமா? பொது இடத்தில் வேண்டாம். போலீசாரையும் எடுக்கலாம், எடுத்ததை அழிக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கேனரி வார்ஃப் போன்ற இடங்கள் தெரு போலத் தெரியும் தனியார் நிலம், காவலாளி நிறுத்தலாம்.

நீதிமன்றத்தில்? உள்ளேயும் வளாகத்திலும் படம் எடுப்பது 1925 முதல் குற்றம். ஓல்டு பெய்லி வாசலுக்கு எதிரே நடைபாதையில் கூட்டம் நிற்பது அதனால்தான்.

போராட்டத்தில் கைது செய்வார்களா? செய்தி சேகரிப்பதைத் தடுப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு போலீஸ் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2023ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பிரஸ் கார்டு இல்லாதவருக்கும் அது பொருந்தும். ‘மட்டுமே’ என்ற சொல் பெரிய ஓட்டை. வேறு ஒரு காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் போதும். சங்கிலி போட்டு மறிக்கும் இடத்தில் முன்னால் போய் நிற்காதீர்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது விற்கலாமா? கூடாது. கிராஜுவேட் விசா கைக்கு வந்த பிறகுதான்.

இந்தியாவுக்கு வந்து விண்ணப்பிக்கலாமா? முடியாது. பிரிட்டனுக்குள் இருந்து, மாணவர் விசா காலாவதியாகுமுன் போட வேண்டும்.

துணைவரை அழைத்துப் போகலாமா? வகுப்பு வழி முதுகலைக்கு 2024 ஜனவரி முதல் இல்லை.

கையில் எவ்வளவு காட்ட வேண்டும்? கட்டணம் போக, லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டுமுன் கல்லூரிக்கு இரண்டு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: பணிப்பயிற்சி மதிப்பெண் உள்ளதா, எத்தனை வாரம்? மாணவர் விசாவில் இருப்பவர் படம் விற்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் தருவீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.